ரொட்டி வாங்கிய தலைவர்!

1974-ம் ஆண்டு.

ஐ.நா. சபையில் பேசிவிட்டு, சீனாவின் துணைப் பிரதமர் நாடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பாரீஸ் நகரில் இறங்கினார்.

அங்கே அவர் ஆசையோடு வாங்கியது என்ன தெரியுமா?

பட்டு அல்ல, கடிகாரம் அல்ல. ரொட்டி!

பிறை நிலா வடிவில் இருக்கும் வெண்ணெய் ரொட்டி அது. "குருவாசான்" என்பார்கள். அதை நிறைய வாங்கிச் சீனாவுக்குக் கொண்டுபோனார்.

அவர்தான் டெங் சியோபிங். பின்னாளில் சீனாவின் தலையெழுத்தையே மாற்றியவர்.

ரொட்டி மீது அவருக்கு ஏன் இத்தனை ஆசை? அதற்குப் பின்னால் ஒரு பசிக் கதை இருக்கிறது.

வேலையும் படிப்பும்

1920-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பிரான்சு நாட்டின் மார்சேல் துறைமுகத்தில் டெங் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 16.

அவர் மட்டும் அல்ல. 1919 முதல் 1921 வரை, 1,500-க்கும் அதிகமான சீன மாணவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். ஆலையில் வேலை செய்வது, அந்தக் கூலியில் படிப்பது. இதுதான் திட்டம்.

டோபு ஆலை

இதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் லி ஷிசெங். அவரும் பிரான்சில் படித்தவரே.

சீனர்கள் விரும்பி உண்பது "டோபு". சோயாவை ஊறவைத்து, உளுந்து ஆட்டுவதுபோல் ஆட்டிப் பால் எடுப்பார்கள். பாலைக் காய்ச்சி, திரியவைத்து, கட்டியாக்குவார்கள். அதுதான் டோபு.

பாரீசுக்கு அருகே லி ஒரு டோபு ஆலை தொடங்கினார். 1909-ம் ஆண்டிலேயே அந்த ஆலை நடந்தது. சோயா ரொட்டியும் பிஸ்கட்டும்கூட அங்கே தயாராயின. வேலைக்குச் சீனாவிலிருந்தே ஆட்களை வரவழைத்தார்.

வேலை முடிந்ததும் அவர்களுக்குப் பாடம்! குடிக்கக் கூடாது, சூதாடக் கூடாது என்பது கட்டளை.

வயிறு காய்ந்தது

ஆனால், பின்னால் வந்த 1,500 பேருக்கு ஓர் ஆலை போதுமா?

முதல் உலகப் போர் முடிந்தபின் பிரான்சில் வேலை குறைந்தது. கையில் காசு இல்லை. 1921 பிப்ரவரியில், மாணவர்கள் பாரீசில் உள்ள சீனத் தூதரகத்துக்குத் திரண்டு போனார்கள். "வாழவும் படிக்கவும் வழி செய்யுங்கள்" என்று கேட்டார்கள்.

டெங் இரும்பு ஆலையில் வேலை செய்தார். பிறகு ரப்பர் காலணி ஆலையில் உழைத்தார். ஒரு குருவாசானும் ஒரு தம்ளர் பாலும் கிடைத்த நாள், அவருக்குத் திருநாள்!

டெங் குள்ளமானவர். வளரும் வயதில் போதிய உணவு கிடைக்காததே அதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் அவரே சொல்வாராம்.

பங்கு போட்ட ரொட்டி

1974-ல் வாங்கிய ரொட்டியை டெங் தனியாகத் தின்னவில்லை. இளமையில் தம்மோடு பிரான்சில் இருந்த தோழர்களுக்குப் பங்கிட்டார்.

பிரதமர் சூ என்லாய்க்கும் ஒரு பங்கு போயிற்று. அவர் அப்போது நோயாளி.

ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அன்று காசு எண்ணி வாங்கிய ரொட்டி, இன்று கைநிறைய!

பசித்த வேளையில் உண்டதை நாக்கு மறப்பதில்லை. கூடப் பசித்திருந்தவர்களை நெஞ்சும் மறப்பதில்லை.