தூண்டிலைப் போடுமுன் வாய்க்காலைப் பாருங்கள்

புக்கிட் பாத்தோக் நகரப் பூங்காவின் 'லிட்டில் குவெய்லின்' குளத்தைப் பார்த்து ஆசைப்படாத தூண்டில்காரர் இருக்க முடியாது. ஆனால் அது கருங்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். அதற்குள் எந்த ஆறும் வருவதில்லை, அதிலிருந்து போவதுமில்லை. தூண்டில் போடவும் அனுமதி கிடையாது. அதனால் அந்த வட்டாரத்து மீன்பிடிப் பிரியர்கள் அனுமதிக்கப்பட்ட நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறார்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் ஒதுக்கிய இடத்தில் நின்று, செயற்கை இரையைக் கட்டி, தோமானுக்கும் பீக்காக் பாஸுக்கும் காத்திருக்கிறார்கள்.

அணை போட்டுத் தேக்கிய நீரில் மட்டம் பெரிதாக மாறாது. இந்த வாரம் மீன் கிடைத்த இடத்தில் அடுத்த வாரமும் நிற்கலாம். இதே பழக்கத்தோடு ஒருவர் விடுமுறைக்கு சாபாவின் கினபாத்தாங்கான் ஆற்றுப் பக்கமோ, அசாமின் பிரம்மபுத்திரா சமவெளிப் பக்கமோ போனால் வெறுங்கையோடு திரும்பவேண்டி வரலாம். அங்குள்ள ஏரிகளின் போக்கே வேறு.

வளைந்து நெளிந்து ஓடும் ஆறு, ஒரு பெருவெள்ளத்தில் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிடும். பழைய வளைவு குதிரைக் குளம்பு வடிவில் தனியே நிற்கும். இதைத் தமிழகப் பாடநூல்கள் 'குருட்டு ஆறு' என்கின்றன. பீகாரின் கன்வர் ஏரி இவ்வகையில் பேர்பெற்றது. 2020இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அசாமில் இப்படிப்பட்ட நீர்நிலைகளை 'பீல்' என்பார்கள். குவஹாத்தியின் ஓரத்தில் இருக்கும் தீப்போர் பீல், பிரம்மபுத்திரா ஒரு காலத்தில் ஓடிய தடம்தான். ஆனால் எல்லாமே குருடாகிவிடுவதில்லை. பல ஏரிகளை ஒரு சிறு வாய்க்கால் இன்னும் ஆற்றோடு இணைத்து வைத்திருக்கிறது. அந்த வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்தே அங்கே மீன்பிடி நடக்கிறது.

அசாமில் ஜூன் தொடங்கி மழை வலுக்கும்போது ஆறு உயர்ந்து, செந்நீர் ஏரிக்குள் புகும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் முட்டையிடாதவை. அவை வெள்ளம் ஓடும் ஆற்றைத் தேடிப் போகும். பிறகு அவற்றின் குஞ்சுகளை ஆறே ஏரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். இந்த நேரத்தில் ஏரியின் நடுவில் தூண்டில் போடுவது வீண். மீன்கள் மூழ்கிய புல்வெளிகளில் பரவி மேய்ந்துகொண்டிருக்கும். கலங்கிய நீரில் பளபளக்கும் செயற்கை இரை மீனின் கண்ணுக்குத் தெரியாது. மண்புழு போல வாசனை உள்ளதுதான் எடுபடும். உள்ளூர்க்காரர்கள் கரையோரப் புல்லுக்குள் மூங்கில் கூடுகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதுதான் புத்திசாலித்தனம்!

மழை ஓய்ந்து ஆறு இறங்கியதும் ஓட்டம் திரும்புகிறது. ஏரி நீர் வாய்க்கால் வழியே ஆற்றுக்கு வடியும். அதோடு சிறுமீன்களும் கூட்டமாக வெளியேறும். அவற்றை விழுங்க வாளையும் சொட்டைவாளையும் வாய்க்கால் முகத்தில் காத்திருக்கும். ஏரியின் தெளிந்த நீரும் ஆற்றின் கலங்கல் நீரும் சந்திக்கும் அந்தக் கோடுதான் தூண்டில்காரருக்குப் பொன்னான இடம். மீன்போல ஓடும் செயற்கை இரைக்கும் அங்கே வேலை உண்டு.

குளிர்காலத்தில் நீர் சுருங்கும்போது மீன்கள் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். அப்போதுதான் 'ஜெங்' என்ற முறை கைகொடுக்கும். மரக்கிளைகளை நீரில் குவித்து, மேலே ஆகாயத்தாமரையைப் பரப்பி, மூங்கிலால் கட்டி வைப்பார்கள். நிழலுக்கும் இரைக்கும் மீன் வந்து தங்கும். சில வாரங்கள் கழித்துச் சுற்றிலும் வலையடித்து, கிளைகளை அகற்றிவிட்டு அள்ளுவார்கள். ஆனால் அதே ஆகாயத்தாமரை ஏரி முழுவதையும் மூடிவிட்டால் விடியற்காலையில் நீரில் பிராணவாயு குறைந்துபோகும். கெண்டை இரை எடுக்காது. காற்றைக் குடிக்கும் விராலும் பனையேறிக் கெண்டையும் மட்டும் கடிக்கும். கினபாத்தாங்கானில் இதே தொல்லையை சால்வினியா என்ற மிதக்கும் பெரணிச் செடி கொடுத்தது. பத்து பூத்தே கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தினர் துங்கோக் ஏரியிலிருந்து அதைக் கையால் வாரி அகற்றினார்கள்.

தூண்டில்காரருக்குப் பொன்னான அந்த வாய்க்கால் முகம்தான் ஏரிக்கு ஆபத்தான இடமும். கொசுவலை போன்ற நுண்வலையை அதன் குறுக்கே கட்டிவிட்டால் வெளியேறும் குஞ்சு முழுவதும் ஒரே இரவில் அகப்பட்டுவிடும். அந்த ஆண்டு ஆற்றுக்குத் திரும்பிப் போக மீன் இருக்காது. இனப்பெருக்கக் காலத்தில் அசாமில் மீன்பிடிக்குத் தடை உண்டு. ஆனால் குஞ்சுகள் வெளியேறுவது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

வலையாவது அவிழ்க்கக்கூடியது. வெள்ளத்தைத் தடுக்க 1950களிலிருந்து பிரம்மபுத்திரா சமவெளியில் எழுப்பிய கரைகள் பல பீல்களை ஆற்றிலிருந்து துண்டித்துவிட்டன. கரையில் மதகு வைத்த இடத்திலும் ஆறு உயரும்போது அதை மூடிவிடுகிறார்கள். கரைக்குப் பின்னால் வீடும் வயலும் இருக்கும்போது மூடாமல் என்ன செய்வது? ஆனால் குஞ்சு வந்து சேரும் நேரமும் அதுதான்.

துண்டிக்கப்பட்ட ஏரிகளுக்கு, பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு வழி சொல்கிறது. ஏரிக்குள்ளேயே மூங்கில் வேலியும் வலையும் கட்டி அடைப்பு அமைத்து, அதில் குஞ்சுகளை விரல் நீளத்துக்கு வளர்த்து, பிறகு திறந்துவிடலாம். கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் இதைச் செய்கின்றன, பிடிப்பும் கூடுகிறது. ஆனால் குஞ்சுக்கும் அடைப்புக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். விடப்படுவதும் பெரும்பாலும் கெண்டை இனங்களே. வாளையை யாரும் வாங்கி விடுவதில்லை. ஆறு அதையும் இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.