ராக்கெட் கிளம்பிய பிறகு...

மாமல்லபுரம் கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது பட்டிபுலம். 2023 பிப்ரவரி 19 அன்று இந்த ஊரிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதில் 150 குட்டி ஆய்வுப் பெட்டிகள். செய்தவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். மார்ட்டின் அறக்கட்டளை, டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சர்வதேச அறக்கட்டளை, ஸ்பேஸ் ஸோன் இந்தியா ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. பங்கேற்ற மாணவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல் என்றார்கள் அமைப்பாளர்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கும் திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ பறந்தது. ஆனந்த் மேகலிங்கம் தொடங்கிய ஸ்பேஸ் ஸோன் இந்தியாவின் தயாரிப்பு. வழிகாட்டியவர் மயில்சாமி அண்ணாதுரை. கோதவாடி கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் ஆனவர் அவர்.

ஏன் கடற்கரை? மேலே போனது கீழே விழும்போது அங்கே ஆள் இருக்கக் கூடாது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பாவும் கடலோர மீனவர் கிராமம்தான்.

நிறுத்த முடிகிற நெருப்பு

பட்டிபுலத்திலும் திருவிடந்தையிலும் கிளம்பியவை ஹைபிரிட் ராக்கெட்டுகள். எரிபொருள் திடமாக ஓர் இடத்தில் இருக்கும். அது எரிய உதவும் ஆக்ஸிஜனேற்றி தனித் தொட்டியில் இருக்கும். நடுவில் ஒரு வால்வு. தீபாவளி ராக்கெட்டில் திரியைப் பற்றவைத்துவிட்டால் ஓடி ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே வால்வை மூடினால் எரிவது நின்றுவிடும். மாணவர் திட்டங்களுக்கு இந்த வகை பொருந்துவதற்கு முக்கியக் காரணம் அந்த வால்வுதான்.

பிள்ளைகளிடம் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராக்கெட்டில் போன ஆய்வுப் பெட்டிகள் பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்த் திரும்பி வந்தன. பூமிக்கு அருகே சுற்ற வேண்டுமென்றால் பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சுற்றுவதற்குப் போதுமான வேகம் இல்லாவிட்டால் மேலே போனது விழத்தான் வேண்டும். ‘ஏன் விழுந்தது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு சென்சார், ஒரு கலங்கரை விளக்கம்

இத்தகைய பெட்டிக்குள் வழக்கமாக வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் சென்சார்கள் இருக்கும். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். தரைக்குப் பக்கத்தில் எட்டு, ஒன்பது மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் பாதியாகிவிடும்.

இதைப் பார்க்க ராக்கெட் வேண்டியதில்லை. சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் மணலில் ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறி மறுபடி குறியுங்கள். சில மில்லிபார் இறங்கியிருக்கும். அந்த வித்தியாசத்தை எட்டரையால் பெருக்கினால், ஏறிய உயரம் மீட்டரில் கிட்டத்தட்ட வந்துவிடும். ஏறிய உயரத்தைத் தான் போட்ட கணக்கிலேயே கண்டுபிடித்த பிள்ளைக்கு, காற்றழுத்தம் என்ன என்று யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டாம்.

வகுப்பில் நடப்பது

ராக்கெட் வருடத்துக்கு ஒருமுறை வரலாம். வகுப்பு தினமும் உண்டு. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘வானவில் மன்றம்’, 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கானது. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ச் சோதனைகளைச் செய்துகாட்டி, பிள்ளைகளையும் செய்யவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொடங்கும்போது இதற்கென அறிவிக்கப்பட்டவர்கள் 710 பேர். ஒருவருக்குச் சராசரியாக 18 பள்ளிகளுக்கு மேல். அப்படியானால், கருத்தாளர் வந்துபோன பிறகு சோதனையைத் தொடர வேண்டியவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-களிலிருந்தே சொல்லிவருவதும் இதைத்தான்: கைக்குக் கிடைக்கும் பொருளில் அறிவியல்.

பெரிய விழாக்கள் வேண்டாம் என்பதல்ல. ராக்கெட் ஏறுவதைக் கண்ணால் பார்த்த ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஆசைக்கு விலை கிடையாது. ஆனால், பெட்டியில் சால்டரிங் வைத்தது யார், வந்த எண்களை வரைபடமாக்கியது யார் என்பதில்தான் திட்டத்தின் தரம் இருக்கிறது. தயாராக வந்த கிட்டில் மூடியை மாட்டிவிட்டுப் போட்டோவுக்கு நின்றால், மிஞ்சுவது சான்றிதழ் மட்டுமே.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வந்தால் பாராட்டுங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன அளந்தாய்? எவ்வளவு வந்தது? ஏன் அப்படி வந்தது? பதில் வந்தால் செலவழித்த பணம் வீண் போகவில்லை. வராவிட்டால், அதே மூன்று கேள்விகளோடு பள்ளிக்குப் போங்கள்.