உங்களுக்குத் தெரியுமா? வயிறு படுத்தும் நாய்க்கு எந்தக் கிண்ணம்

★ சாப்பாடு வருவதைப் பார்த்த மாத்திரத்திலேயே நாயின் இரைப்பையில் செரிமான நீர் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு வாய்கூட உள்ளே போயிருக்க வேண்டியதில்லை. இதைச் சோதனை செய்து காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். மணியோசை கேட்டால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற சோதனையை வைத்தே அவரை நமக்குத் தெரியும். ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடம், நாய்களிடமிருந்து சேகரித்த இரைப்பை நீரைச் சுத்தம் செய்து, அஜீரணக் கோளாறு உள்ள மனிதர்களுக்கு மருந்தாகப் புட்டிகளில் விற்கவும் செய்தது. நாயின் செரிமானம் கிண்ணத்தடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அடிக்கடி வாந்தி, பேதி என்று படுத்தும் நாய்க்குத் தீவனத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள், அந்தக் கிண்ணத்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

★ வாந்தி வேறு, எதுக்களிப்பு வேறு. வாந்தி எடுக்கும் நாய் முதலில் தவிக்கும், எச்சில் ஒழுகும், வயிறு குலுங்கி இழுக்கும். பிறகுதான் வெளியே வரும். எதுக்களிக்கும் நாய் தலையைத் தாழ்த்தும், அவ்வளவுதான். தின்றது தின்றபடியே, சில நேரம் குழாய் வடிவத்தில் உருண்டு வந்து விழும். முதலாவது இரைப்பையோ குடலோ சம்பந்தப்பட்டது. இரண்டாவதில் கோளாறு பெரும்பாலும் உணவுக்குழாயில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, கிண்ணமும் வேறு. எது என்று புரியாவிட்டால் அந்த நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் அரை மணி நேரம் விளக்குவதைவிட அதில் அவருக்கு நிறையத் தெரியும்.

★ செல்லப்பிராணிக் கடைகளில் கம்பி ஸ்டாண்டில் உட்கார்த்திய ஜோடிக் கிண்ணங்களைப் பார்த்திருப்பீர்கள். ‘உயரத்தில் வைத்தால் செரிமானத்துக்கு நல்லது’ என்று சொல்லியே விற்பார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் இதை நேர்மாறாகப் பார்க்க வைத்தது. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ராட்வைலர் உட்பட 11 பெரிய இனங்களைச் சேர்ந்த 1,637 நாய்களைத் தொடர்ந்து கவனித்து, 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த கிண்ணத்தில் சாப்பிட்ட நாய்களுக்கு ‘வயிறு முறுக்கிக்கொள்ளும்’ ஆபத்து அதிகமாக இருந்தது. வயது ஏறுவது, வேகமாக விழுங்குவது, உடன்பிறப்புக்கோ பெற்ற நாய்க்கோ இந்த நோய் வந்திருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டின.

இந்த நோயில் இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. உள்ளே போகும் வழி, வெளியேறும் வழி இரண்டும் அடைபடுகின்றன. ரத்த ஓட்டமும் நின்றுபோகிறது. வயிறு உப்பி இருக்கும். நாய் வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் வெறும் எச்சில் மட்டும் வடியும். ஓரிடத்தில் நிற்காது, படுக்காது. இப்படிப் பார்த்தால் சோடா, ஓமத் தண்ணீர் என்று கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். நள்ளிரவானாலும் வண்டியில் ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடிய விஷயம் இது. அறுவை சிகிச்சைதான் காப்பாற்றும்.

பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் கிண்ணத்தின் உயரத்தை ஒரே மாதிரி குற்றம் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், உயரத்தால் லாபம் என்று யாரும் நிரூபிக்காத நிலையில் அந்த ஆபத்தை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? ஆழமான நெஞ்சுக்கூடும் ஒடுங்கிய வயிறும் உள்ள நாய்களுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் மட்டுமல்ல, நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் உடல்வாகும் அதுவே. டாக்டர் குறிப்பாகச் சொன்னாலொழிய இவற்றுக்குத் தரையே போதும்.

★ அப்படியானால் ஸ்டாண்டே வேண்டாமா? ஒரு நோய்க்கு ஸ்டாண்டுகூடப் போதாது. நாயையே நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும்.

நாயின் உணவுக்குழாய் முழு நீளத்துக்கும் வரித்தசையால் ஆனது. மனிதர்களுக்கு மேல்பகுதியில் மட்டும்தான் அப்படி, கீழே மென்தசை. அதனால் வரித்தசையைத் தாக்கும் நோய்கள் வந்தால் நாயின் உணவுக்குழாய் மொத்தமும் வலுவிழந்து, சாக்குப்பை போலத் தொய்ந்துவிடுகிறது. இதற்கு மெகாஈசோஃபேகஸ் என்று பெயர். பிறவியிலேயே வருவதும் உண்டு. தின்றது கீழே இறங்காமல் நெஞ்சிலேயே தங்கும், எதுக்களித்து வரும். அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டுவதுதான் இந்த நாய்களுக்கு எமன்.

தசை செய்யாத வேலையைப் புவியீர்ப்பைக் கொண்டு செய்துகொள்வதுதான் இதற்கு வழி. அமெரிக்காவில் பெய்லி என்ற நாய்க்காக, குழந்தைகளுக்குச் சோறூட்டும் உயர நாற்காலி மாதிரியில் ஒன்றைச் செய்தார்கள். இன்று உலகம் முழுக்க அதற்கு ‘பெய்லி நாற்காலி’ என்றே பெயர். நாய் பின்பக்கத்தை ஊன்றி, முதுகை நிமிர்த்தி உட்காரும். முன்னால் உள்ள பலகையில் கிண்ணம் இருக்கும். சாப்பிட்டு முடித்த பிறகும் 10 முதல் 30 நிமிடம் வரை அப்படியே இருக்க வேண்டும். தச்சரிடம் அளவு கொடுத்தால் செய்துவிடலாம். சின்ன நாயென்றால் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாலே போதும். உணவைக் கூழாகக் கொடுப்பதா, உருண்டை பிடித்துக் கொடுப்பதா என்பது நாய்க்கு நாய் மாறும். கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலவற்றுக்குத் தண்ணீரையும் கெட்டியாக்கியே கொடுக்கச் சொல்வார்கள். பொறுமை கேட்கிற வேலைதான். அந்தப் பொறுமை உள்ள வீடுகளில் இந்த நாய்கள் பல வருடம் வாழ்கின்றன.

★ அவசரக்காரர்களுக்கு மேடுபள்ளம் வைத்த கிண்ணம் கிடைக்கிறது. அள்ளி விழுங்கும்போது சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது. பிறகு ஏப்பம், வயிற்றுப் பொருமல், சாப்பிட்ட ஐந்தாவது நிமிடம் அப்படியே கக்குவது. நடுவில் திட்டுத்திட்டாகத் தடுப்பு உள்ள கிண்ணத்தில் நாய் நாக்கால் துழாவித்தான் எடுக்க முடியும் என்பதால் வேகம் தானாகக் குறைகிறது.

கடையில் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சமையலறையில் உள்ள பழைய இட்லித் தட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்னப் பிடி உலர்தீவனத்தைப் போட்டுத் தரையில் வையுங்கள். நாய் ஒரு குழியை நக்கி முடித்து, மூக்கால் தட்டைத் தள்ளி அடுத்த குழிக்கு வரும். தட்டு நகரும், பின்னாலேயே அதுவும் நகரும். விளிம்பு கூராக இல்லையா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். சாதாரணக் கிண்ணத்தின் நடுவில் கழுவிய பெரிய கூழாங்கல் ஒன்றை வைப்பதும் பலன் தரும். கல் நாயின் வாயில் நுழையவே முடியாத அளவில் இருக்க வேண்டும். சின்னக் கல்லை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

தயிர்சாதமோ கஞ்சியோ கொடுப்பவர்கள் சந்து பொந்து அதிகமுள்ள கிண்ணத்தை வாங்க வேண்டாம். மூலையில் ஒட்டிய பருக்கை மறுநாளே புளித்து நாறும்.

★ இரண்டு நாய்கள் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட்டால் இரண்டுமே வேகமாக விழுங்கும். எந்தக் கிண்ணம் வாங்கியும் பயனில்லை. இடையில் ஒரு சுவரோ கதவோ வையுங்கள்.

★ செல்போன் விளம்பரத்தில் பையனின் பின்னாலேயே ஓடி வந்து நம் ஊர் வீடுகளுக்குள் நுழைந்த பக் இனத்துக்கு மூக்கே இல்லை என்று சொல்லலாம். ஆழமான கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தால் மூச்சு முட்டும். மூச்சுக்குத் திணறிக்கொண்டே தின்பதால் காற்றை விழுங்கும். இத்தகைய சப்பை மூக்கு நாய்களுக்கு எதுக்களிப்பும் வாந்தியும் அதிகம் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். டிபன் தட்டு போல அகலமாக, ஆழமில்லாமல் இருப்பதே இவற்றுக்கு ஏற்றது. மேலே சொன்ன மேடுபள்ளக் கிண்ணம் இவற்றுக்கு ஆகாது.

★ எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா, பீங்கானா? இங்கிலாந்தின் ஹார்ட்பரி பல்கலைக்கழகத்தில் மூன்று வகைத் தண்ணீர்க் கிண்ணங்களையும் ஒப்பிட்டார்கள். எண்ணிக்கையில் அதிகக் கிருமி பிளாஸ்டிக்கில். ஆனால் நோய் உண்டாக்கும் பொல்லாத வகைகள் பீங்கானிலும் கிடைத்தன. பீங்கானின் பளபளப்புப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், அதற்குள் சோப்பு போகாது, கிருமி போகும். பிளாஸ்டிக்கில் பல் பட்ட கீறலும் அப்படித்தான். கடித்துத் துண்டாக்கி விழுங்கினால் அது தனி ஆபத்து. குடல் நோய் உள்ள நாய்க்கு எவர்சில்வர்தான் என் தேர்வு. வழுக்குகிறது, டைல்ஸ் தரையில் ஓடுகிறது என்றால் அடியில் ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மண்சட்டியில் தண்ணீர் வைப்பது வெயில் காலத்தில் குளிர்ச்சிதான். சோறு வைக்காதீர்கள், நுண்துளைகளுக்குள் எண்ணெயும் பாலும் இறங்கிவிடும்.

★ செம்பு, பித்தளைக் கிண்ணங்களை நாய்க்கு வைக்கவே கூடாது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்பதால்தான் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வைத்தார்கள் நம் பாட்டிமார்கள். பெட்லிங்டன் டெரியர் என்ற இனத்துக்குச் செம்பை உடலிலிருந்து வெளியேற்ற முடியாத மரபணுக் குறை உண்டு. ஈரலில் அது சேர்ந்துகொண்டே போகும். லாப்ரடாரிலும் டாபர்மேனிலும் இதே போன்ற ஈரல் நோய் பதிவாகியிருக்கிறது. பசியின்மையும் வாந்தியுமே ஆரம்ப அறிகுறிகள் என்பதால் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு லாப்ரடார் இருக்கிறது.

★ 2011-இல் என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கப் பொதுச்சுகாதார அமைப்பு 22 குடும்பங்களின் வீட்டுப் பொருட்களைச் சோதித்தது. அதிக அழுக்கானவற்றின் வரிசையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் முதலிடம், சமையலறைத் தொட்டி இரண்டு, பல்துலக்கும் பிரஷ் வைக்கும் குவளை மூன்று. நாலாவதாக வந்தது செல்லப்பிராணியின் கிண்ணம்.

அதே நாட்டில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 417 நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்திருந்தது. தினமும் கிண்ணத்தைக் கழுவுகிறவர்கள் 12 சதவீதம் மட்டுமே. 18 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினார்கள், அல்லது கழுவவே இல்லை. நாக்கால் நக்கிப் பளபளவென்று வைத்திருப்பதைப் பார்த்தால் கழுவியது போலத்தான் தோன்றும். தண்ணீர்க் கிண்ணத்தின் உள்சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்பட்டால் அது கிருமிகள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடு. வெறும் தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது. சோப்புப் போட்டு நாரால் தேய்க்க வேண்டும். 71 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவியபோது கிருமி நன்றாகக் குறைந்ததை அந்த ஆய்வு காட்டியது. நாய்க் கிண்ணத்துக்குத் தனி நார் வைத்துக்கொள்ளுங்கள்.

★ வீட்டில் ஒரு குட்டி பார்வோவால் ரத்தபேதியாகி இறந்திருந்தால், அதன் கிண்ணத்தை அடுத்த குட்டிக்கு அப்படியே வைக்காதீர்கள். 1978-இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சோப்புக்கும் சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் மசியாது. முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். எவர்சில்வர் இதைத் தாங்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

★ கிண்ணத்தில் எறும்பு மொய்த்தால் சுற்றிலும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவது பல வீடுகளில் பழக்கம். அது பூச்சிமருந்து, நாய் நக்குகிற தரையில் போடலாமா? அகலமான ஒரு தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் கிண்ணத்தை வைத்தால் எறும்பு அண்டாது. தாம்பாளத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

★ கணைய வீக்கம் வந்து தேறிய நாய்க்குக் கொழுப்புக் குறைந்த உணவை, சிறிது சிறிதாக, அளந்து கொடுக்கச் சொல்வார்கள். அந்த அளவில்தான் கோட்டை விடுகிறோம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 100 நாய் வளர்ப்பவர்களிடம் அளவுக் குவளைகளைக் கொடுத்து உலர்தீவனத்தை அளக்கச் சொன்னார்கள். சிலர் தேவையில் பாதிதான் போட்டார்கள், சிலர் இரண்டரை மடங்கு வரை போட்டார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின் யோசனை எளிமையானது: தம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். பெரிய கிண்ணமும் பெரிய கரண்டியும் கையில் இருந்தால் நாம் கூடுதலாகப் போடுகிறோம் என்பதும் வேறொரு சோதனையில் தெரிந்தது. கிண்ணத்தில் பாதி காலியாக இருந்தால் நமக்குத்தான் மனசு கேட்பதில்லை. டாக்டர் சொன்ன அளவு நிரம்பித் தெரிகிற மாதிரிச் சின்னக் கிண்ணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

★ விடியற்காலையில் மஞ்சளாகப் பித்தம் மட்டும் வாந்தி எடுக்கிறது, மற்றபடி ஓடி ஆடுகிறது என்றால், இரவு முழுக்க வயிறு காலியாகக் கிடப்பது காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, புதுக் கிண்ணம் எதுவும் வாங்காமல், ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்து வைத்து நீங்கள் படுக்கப் போகும் முன் கொடுத்துப் பாருங்கள்.