கவிழ்ந்த ஜீப் மறுபடியும் ஓடுமா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



நாமக்கல் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பின்புறம் ஒரு நசுங்கிய வண்டி கிடக்கும். அதைக் கொண்டு வந்தவர் மேஸ்திரியிடம் கேட்பது இரண்டே கேள்விதான். “தேறுமா?”, “எவ்வளவு ஆகும்?” இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்லத்தான் ஆள் குறைவு. நாளைக்கு டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மிடமும் யாராவது இதைக் கேட்பார்கள். பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரிந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

அந்த வண்டி எங்கள் வீட்டு மஹிந்திரா ஜீப், சி.ஜே. 3பி மாடல். 1978-இல் பதிவான பெட்ரோல் வண்டி. கொல்லிமலையில் எங்கள் காட்டு மிளகும் பலாவும் சோளக்காடு சந்தைக்கு அதில்தான் போகும். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என்னை இந்தப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வந்ததும் அதே ஜீப்தான். ஐப்பசி மழையில் மண்பாதையின் ஓரம் சரிந்து, வண்டி இரண்டு தடவை உருண்டு ஒரு பலா மரத்தில் போய் நின்றது. அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது. இரும்புக் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசினார். அப்பா விற்க மனசில்லாமல் வண்டியை லாரியில் ஏற்றி, மலையடிவாரத்தில் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு வந்தார்.

ஜீப்பை ஏன் மீட்க முடிகிறது?

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேஸ் கிடையாது. தகட்டுக் கூடுதான் எலும்பும் தோலும். கூடு முறுக்கிக்கொண்டால் வண்டியே முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். ஜீப் அப்படி இல்லை. ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். அதன்மேல் இன்ஜின், கியர் பாக்ஸ், பாடி எல்லாம் போல்ட் போட்டு உட்காரும். போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம்.

இதற்குக் காரணம் அதன் பிறப்பு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேலான ஜீப்புகளைச் செய்தன. போர்க்களத்தில் சாதாரணக் கருவிகளை வைத்தே கழற்றி மாட்ட வேண்டிய வண்டி அது. போர் முடிந்து சில ஆண்டுகளில் மஹிந்திரா நம் நாட்டில் அதைப் பூட்டத் தொடங்கியது. வில்லிஸ் 1953-இல் சி.ஜே. 3பி-யைக் கொண்டு வந்தது. அதன் பானெட் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா? முந்தைய இன்ஜினில் வால்வு எல்லாமே பிளாக்கில் இருந்தன. புதிய ‘ஹரிக்கேன்’ இன்ஜினில் இன்லெட் வால்வு மட்டும் ஹெட்டுக்கு ஏறிவிட்டது. இன்ஜின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் இந்த மாடல் நின்றுபோன பிறகும் நம் நாட்டில் பல ஆண்டுகள் ஓடியது.

ஆக, ஜீப்பின் உயிர் சேஸில் இருக்கிறது. “தேறுமா?” என்ற கேள்விக்குப் பதிலும் அங்கேதான்!

முதல் வேலை: ஸ்பானரைத் தொடாதே

விபத்து வண்டியில் அவசரப்பட்டு எதையும் கழற்றக் கூடாது. போலீஸ் வழக்கு இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கேட்பதாக இருந்தால் சர்வேயர் பார்க்க வேண்டும். எங்கள் ஜீப்புக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அதில் நம் வண்டியின் சேதத்துக்குக் காசு வராது. அம்மாவின் கம்மலும் வளையலும் அடகுக்குப் போயின.

அடுத்து பாட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பிறகு நான்கு பக்கமும் போட்டோ. எது எங்கே வளைந்திருக்கிறது, எந்தப் பக்கம் இடி வாங்கியது என்று சாக்பீஸால் அம்புக்குறி. நிமிர்த்தும்போது அதற்கு எதிர்த்திசையில்தான் இழுக்க வேண்டும்.

கண் பொய் சொல்லும், கயிறு சொல்லாது

பாடி, இன்ஜின், ஆக்சில் எல்லாம் இறக்கிய பிறகு வெறும் சேஸ் கிடந்தது. அப்பா சுற்றி வந்து பார்த்தார். “நேராத்தானுங்க இருக்குது மேஸ்திரி, பாடிதான் நசுங்கிப்போச்சு” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மேஸ்திரி பள்ளிக்கூடம் போகாதவர். “கண்ணு பொய் சொல்லும் தம்பி. கயித்தப் புடி” என்றார்.

அவர் செய்தது இதுதான். சேஸை நான்கு ஸ்டாண்டின் மேல் தூக்கி வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்தார். இரண்டு சட்டத்திலும் ஜோடி ஜோடியாக இருக்கும் துவாரங்களில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை நிற்கும் இடத்தைச் சிமென்ட் தரையில் புள்ளி வைத்தார். எட்டுப் புள்ளி வைத்த பிறகு சேஸை நகர்த்திவிட்டோம். தரையில் கோலப்புள்ளி மாதிரி சேஸின் படம் கிடந்தது! பிறகு மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை!

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். 2000 மி.மீ. நீளம், 700 மி.மீ. அகலம் உள்ள செவ்வகம் என்று வைத்துக்கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி குறுக்களவு இரண்டுமே சுமார் 2119 மி.மீ. இப்போது இடிபட்ட வேகத்தில் வலது சட்டம் முழுவதும் 12 மி.மீ. பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. நீளத்தை அளந்தால் இரண்டு சட்டமும் அதே 2000 தான். ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடுவோம். குறுக்கே அளந்தால் ஒன்று சுமார் 2130, இன்னொன்று சுமார் 2107.5. வித்தியாசம் 22 மி.மீ.க்கும் மேல்! கண்ணுக்குத் தெரியாத 12 மி.மீ.யைக் குறுக்களவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

முறுக்கல் இருந்தால் தரையில் வைத்த புள்ளி அதைக் காட்டாது. அதற்கு வேறு வழி. நேரான இரண்டு பைப்புகளை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறுக்கே வைத்து, ஒரு பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பைப்பின் விளிம்பும் இணையாகத் தெரிந்தால் முறுக்கல் இல்லை.

பரீட்சைக்காக நாம் படித்த தேற்றம் மேஸ்திரி கையில் ஒரு சணல் கயிறாக இருந்தது. “இதுக்குப் பேரு பிதாகரஸ் தேற்றமுங்க” என்று சொன்னேன். “பேரு என்னவோ இருக்கட்டும், எங்க மாமா சொல்லிக்குடுத்தது” என்றார்.

நிமிர்த்துவதும் ஒட்டுவதும்

சேஸின் ஒரு மூலையைத் தரையில் பதித்த வளையத்தோடு சங்கிலியால் கட்டி, எதிர் மூலையை ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ள வேண்டும். இரும்புக்கு மீள்தன்மை உண்டு. 12 மி.மீ. தள்ளிவிட்டால் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். அதனால் அளவைத் தாண்டிச் சிறிது தள்ளி, விட்டுப் பார்த்து, அளந்து, மறுபடி தள்ள வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் வேறொரு இடம் வளையும். எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

மடிப்பு விழுந்த இடத்தை மட்டும் கேஸ் விளக்கால் மங்கிய சிவப்பு வரை சூடாக்கலாம். ஆனால் தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. காற்றில் தானாக ஆற வேண்டும்.

பிறகு விரிசல். பெயிண்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவி, ஊறியதும் நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கருப்புக் கோடு போடும். எங்கள் ஜீப்பில் முன் கமான் பட்டை மாட்டும் இடத்தின் பக்கத்தில் இரண்டு அங்குலக் கோடு தெரிந்தது. விரிசலின் நுனியில் முதலில் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்குக்கு அப்பாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ‘வி’ வடிவத்தில் காடி வெட்டி, வெல்டு வைத்து, மேலே வைர வடிவப் பட்டி போட வேண்டும். சட்டத்துக்குச் செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்டு முடிந்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி ஒடியும்.

ஒட்டவே கூடாதவை

இங்கேதான் பட்டறையில் சண்டை வந்தது. ஸ்டியரிங் டை ராட் வளைந்திருந்தது. “காய்ச்சி நிமித்திடுங்க மேஸ்திரி. காசு முடிஞ்சுபோச்சு” என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். “அப்படீன்னா வண்டிய வேற பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இதுல உங்க பையனும் உக்காருவான், ஊர்ப் பொம்பளைங்களும் உக்காருவாங்க.”

டை ராட், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டப் ஆக்சில், வளைந்த டிஸ்க் இவற்றைக் காய்ச்சி நிமிர்த்தவோ வெல்டு வைக்கவோ கூடாது. மாற்றத்தான் வேண்டும். சேஸில் ஒரு விரிசல் விட்டால் சத்தம் கொடுக்கும், நிறுத்திப் பார்க்கலாம். டை ராட் அறுந்தால் அடுத்த வளைவில் ஸ்டியரிங் வெறும் சக்கரம்தான்! பிரேக்கும் அப்படியே. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கே ஒழுகினாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆகவே பிரேக் பைப், ஹோஸ் அனைத்தையும் புதிதாகப் போட்டோம். பாடிக்கு வைத்திருந்த பணம் இதற்கே போனது.

இன்ஜினை எழுப்புவது

உருண்ட வண்டியில் ஆயில் மேலேறிச் சிலிண்டருக்குள் போயிருக்கும். பெட்ரோல் ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். முதலில் நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்கள் இன்ஜின் துப்பிய ஆயில் மேஸ்திரியின் சட்டையெல்லாம் தெறித்தது! பிறகு ஆயில் மாற்றி, மவுண்டிங் ரப்பர் மாற்றி, 1-3-4-2 வரிசையில் பிளக் ஒயர் மாட்டினோம். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது.

ஓட்டிப் பார்ப்பது

ஜீப்பில் முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஈர மண்ணில் நேராக ஓட்டினால் முன் டயர் தடத்தின் மேலேயே பின் டயர் தடம் விழ வேண்டும். விலகி விழுந்தால் ஆக்சில் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். தெருநாய் ஓடும்போது பார்த்திருப்பீர்கள், உடம்பு ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். அதே கதைதான். கமான் பட்டையின் நடு போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருந்தாலும் இது தெரியும். எங்கள் ஜீப்பை ஏரிக்கரை ஈரத்தில் ஓட்டிவிட்டு அப்பா இறங்கி வந்து தடத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு கோடுதான் இருந்தது. நான்கு இல்லை.

சட்டத்தையும் மறக்காதீர்கள்

சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் சுத்தியலோ கிரைண்டரோ படக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைக்க 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சேஸையே மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பந்தய ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. சந்தைக்குப் போகிற ஜீப்புக்கு அந்தப் பட்டம் சரிப்படாது!

முடிவாக...

எங்கள் ஜீப்பின் பாடியில் இன்னும் பள்ளம் மேடு இருக்கிறது. பானெட்டில் பலா மரம் இடித்த தழும்பு அப்படியே இருக்கிறது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கப் பணம் சேரும்போது அடித்துக்கொள்ளலாம். பளபளவென்று பெயிண்ட் அடித்து, உள்ளே கோணல் சேஸோடு விற்பனைக்கு நிற்கும் வண்டிகளை நாம் பார்க்கிறோமே! அவற்றைவிட இது மேல்.

நண்பர்களே, நம்மில் பலர் பட்டறையில்தான் வேலையைத் தொடங்கப் போகிறோம். வண்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அவர் நம் அப்பாவைப் போலவே இருப்பார். இரக்கப்பட்டு ‘எப்படியாவது’ செய்து கொடுக்கத் தோன்றும். அப்போது கயிற்றை எடுங்கள். அளவு சரி என்றால் தைரியமாகத் தேறும் என்று சொல்லுங்கள். தேறாது என்றால் தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாம் படித்த படிப்புக்கு அந்த ஒரு வார்த்தைதான் மரியாதை.

முதலில் அளப்போம்! பிறகு அடிப்போம்!