தொலைவில் இருந்து ஒரு கேள்வி

அமெரிக்கத் தாவரவியல் சங்கம் 2005இல் தொடங்கிய திட்டம் 'பிளான்டிங் சயின்ஸ்'. பள்ளி மாணவர்கள் சிறு குழுக்களாகச் செடிகளை வைத்துச் சோதனை செய்வார்கள். தாவர அறிவியலாளர் ஒருவர் இணையம் வழியே வழிகாட்டுவார். செடியை நேரில் பார்க்காதவர் எப்படிச் சொல்லித்தர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொலைவே மாணவருக்கு நன்மை செய்கிறது என்பேன். ஒளிச்சேர்க்கைச் சோதனை ஒன்றைப் பாருங்கள். கீரை இலையைச் சிறு வட்டங்களாக வெட்டி, சிரிஞ்சால் அவற்றின் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, ஆப்பசோடா கலந்த நீரில் போட்டால் மூழ்கும். வெளிச்சம் பட்டதும் இலையில் ஆக்சிஜன் உண்டாகி வட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். எத்தனை அழகான காட்சி! அவை மேலே வரவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர் சட்டென்று கோளாறைச் சரிசெய்துவிடுவார். தொலைவில் இருப்பவருக்கோ எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். விளக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது, சோடா எவ்வளவு போட்டோம், ஒப்பிட்டுப் பார்க்க இருட்டில் ஒரு கிண்ணம் வைத்தோமா? எழுதும்போதே விட்டுப்போனது எது என்று மாணவருக்கே தெரிந்துவிடும்.

பதில் தாமதமானால் ஆர்வம் குறையாதா? குறையலாம். அதனால்தான் வகுப்பாசிரியர் இல்லாமல் இந்த ஏற்பாடு நடக்காது. கையில் கத்தரியைக் கொடுப்பதும் சோர்ந்த குழுவைத் தட்டி எழுப்புவதும் அவர் வேலை. மற்றபடி, செடிகளுடன் வேலை செய்வதில் அவசரத்துக்கு இடமே இல்லை. முள்ளங்கி விதை முளைவிடவே சில நாள் ஆகும். அதற்குள் அறிவியலாளரின் அடுத்த கேள்வி வந்துவிடும்.