நஞ்சே காவலாதல்



சென்ற தவணையில் ஒருநாள் மாலை. ஏழாந் தர மாணவர்க்குத் தடுப்பூசி போடுவதற்காகச் சுகாதாரப் பகுதியினர் மறுநாட் காலையில் எமது பாடசாலைக்கு வருவதாயிருந்தது. தேயிலை மலையிற் கவாத்து வேலையை முடித்து நேரே வந்த தந்தையொருவர், ஒரு கையிற் கவாத்துக் கத்தியும் மறு கையிற் சம்மதப் பத்திரமுமாக என் அறை வாயிலில் நின்றார். “ஐயா, விஷத்தைத்தான் ஊசியில ஏத்துறாங்கன்னு லயத்தில பேசிக்கிறாங்க. மெய்தானா?” என்று வினவினார்.

பொய்யென்று ஒரே சொல்லிற் கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேள்வியிற் பாதி உண்மை இருந்தது. அப்பாதியை மறைத்துவிட்டு மறுபாதியை விளக்குவது எங்ஙனம்? நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன், வைத்தியன் அல்லன். ஆயினும் இவ்விடயத்தை ஓரளவு தேடிப் படித்தவன் என்ற உரிமையோடு, அன்று அவருக்குச் சொன்னதையும் நேரமின்மையாற் சொல்லாது விட்டதையும் இங்கே கூறுகின்றேன்.

அவ்வூசி, ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் என்னும் இரு நோய்களைத் தடுப்பது. ஏற்புவலிக்குக் காரணமான பற்றீரியா மண்ணிலும் மாட்டெருவிலும் கடினமான வித்தாக உறங்கிக் கிடப்பது. தேயிலைத் தோட்டத்தில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. கவாத்துக் கத்தி பட்ட ஆழமான காயத்துள் அவ்வித்துப் புகுந்து, காற்றுப் புகாத இடம் வாய்க்குமாயின் விழித்துக்கொள்ளும். கிருமி காயத்தைவிட்டு அப்பாற் செல்வதில்லை. அது சுரக்கும் ஒரு புரதமே நரம்பின் வழியே முள்ளந்தண்டுவரை பயணஞ் செய்கின்றது. எமது தசைகளுக்கு இறுகுமாறு ஓர் ஆணையும், தளருமாறு மற்றோர் ஆணையும் உண்டு. அப்புரதம் தளருமாறு இடும் ஆணையை அறுத்துவிடுகின்றது. தாடை பூட்டிக்கொள்கின்றது, முதுகு வில்லாய் வளைகின்றது. நோயாளிக்கோ இவ்வளவு வேதனையிலும் அறிவு தெளிவாக இருக்கும். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றிலுங் குறைந்த அளவு ஒரு மனிதனைக் கொல்லப் போதும்.

சுத்தமற்ற கத்தியாற் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்ட சிசுக்களையும் இந்நோய் தாக்கும். பிறந்து ஒரு வாரமளவில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும்; பின்னர் உடல் விறைக்கும். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கொண்டுசென்ற கதைகளை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

இந்நோயில் விந்தையொன்றுண்டு. அம்மை கண்டு பிழைத்தவரை அம்மை மீண்டும் அண்டுவது அரிது. ஏற்புவலியிலிருந்து தப்பியவருக்கோ அவ்வகைக் காப்பு உண்டாவதில்லை. கொல்வதற்குப் போதுமான நஞ்சு, உடல் அதனை அடையாளங் கண்டு நினைவில் வைத்துக்கொள்வதற்குப் போதாது! ஆகவே இயற்கை தராத அந்நினைவை ஊசிதான் தரவேண்டியிருக்கின்றது.

1890 இல் பேர்லின் நகரில் பேரிங், கிற்றசாற்றோ என்னும் இருவர், இந்நஞ்சுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் குருதியில் அதனை முறிக்கும் பொருள் தோன்றுவதைக் கண்டனர். இன்று அதனைப் பிறபொருளெதிரி என்கின்றோம். ஆனால் நஞ்சை அப்படியே மனிதனுக்கு ஏற்ற முடியுமா? 1920 களிற் பிரான்சு நாட்டவரான கஸ்ற்றன் றமோன் இதற்கு வழி கண்டார். நஞ்சுப் புரதத்தைப் போமலினிற் கலந்து இளஞ்சூட்டிற் பல நாட்கள் வைத்தார். எமது விஞ்ஞான அறைப் போத்தலிலே தவளையைக் கெடாது வைத்திருக்கும் அதே போமலின்தான். புரதத்தின் உருவம் பெரும்பாலும் மாறவில்லை. கொல்லுந் தன்மை மட்டும் அற்றுப்போயிற்று. பற்கள் உடைந்த திறவுகோல் போன்றது அது. பார்வைக்குத் திறவுகோல், பூட்டைத் திறக்காது. உடலின் காவற்படை அவ்வுருவைப் பார்த்தே எதிரியை அறியக் கற்றுக்கொள்கின்றது.

இலங்கையில் 1961 இல் இவ்வாறு நஞ்சகற்றிய புரதங்களைக் கொண்ட முக்கூட்டு ஊசி குழந்தைகளுக்கு வந்தது. 1969 இலிருந்து கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலி ஊசி வழங்கப்படலாயிற்று. தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து, பிறக்கும்போதே காவலுடன் பிறக்கச் செய்கின்றன. (நஞ்சுக்கொடி என்று பெயரிட்ட நம் முன்னோர் இதனை அறிந்தால் யாது நினைப்பரோ!) 2016 இல் உலக சுகாதார நிறுவனம், இலங்கையை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய் சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. மண்ணிலுள்ள கிருமி ஒழியவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஊசி நின்றால் நோய் திரும்பும்.

போமலின் முறை சற்று முரட்டு முறையே. புரதமென்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த மாலை. தொண்டைக்கரப்பன் நஞ்சில் 535 மணிகள் உள்ளன. அவற்றில் 52 ஆம் மணி ஒன்று மட்டும் மாறினால் நஞ்சு செயலற்றுப்போகும் என்று பிற்காலத்திற் கண்டறிந்தனர். ஆகவே தீங்கற்ற புரதத்தைப் பற்றீரியாவைக் கொண்டே செய்வித்துக்கொள்ளலாம். அப்புரதம் வேறு நோய்களைத் தடுக்கவும் துணை நிற்கின்றது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் சில கிருமிகள் சர்க்கரைப் போர்வை போர்த்தவை. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையின் உடல் அப்போர்வையைப் பொருட்படுத்துவதில்லை. அதனைத் தொண்டைக்கரப்பனின் அல்லது ஏற்புவலியின் புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடனே விழித்துக்கொள்கின்றது. 2008 இல் இலங்கைக்கு வந்த ஐங்கூட்டு ஊசியில் ஹிப் என்னும் கிருமிக்கெதிரான பகுதி இவ்வகையானது. சில குழந்தைகளின் மரணங்களையடுத்து 2009 இல் அவ்வூசி நிறுத்திவைக்கப்பட்டதும், ஆராய்ந்த பின்னர் 2010 இல் மீண்டும் தொடங்கப்பட்டதும் உண்மை. இதனை மறைத்துப் பேசுவதிலும், நிறுத்தி ஆராய்ந்தார்கள் என்பதைச் சொல்வதே மக்களின் நம்பிக்கையை வளர்க்கும் என்பது என் கருத்து.

மலையகத்தாராகிய எமக்கு நெருக்கமான வேறொரு நஞ்சைப் பற்றியும் கூறவேண்டும். கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் மன்னாரிற் கரையேறி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதி கண்டு வீழ்ந்தோர் பலர். கிருமியை 1884 இலேயே கொக் என்பார் கல்கத்தாவில் இனங் கண்டிருந்தார். ஆயினும் குடலிலுள்ள கிருமி எவ்வாறு சில மணி நேரத்தில் மனிதனை வற்றச் செய்கின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. அதே கல்கத்தாவில், 1959 இல் சம்புநாத் டே என்னும் வங்காள வைத்தியர், கிருமியை முற்றாக வடித்தெடுத்த பின் எஞ்சிய திரவத்தை முயலின் குடலுட் செலுத்தினார். கிருமியின்றியே குடலில் நீர் நிரம்பிற்று. குற்றவாளி, கிருமி விட்டுச்சென்ற ஒரு புரதம். அதில் நஞ்சான பகுதி ஒன்று. குடற் சுவரிற் பற்றிக்கொள்ளும் பகுதிகள் ஐந்து. பற்றிக்கொள்ளும் ஐந்தும் தனித்துத் தீங்கற்றவை. அவற்றைக் கொன்ற கிருமிகளோடு சேர்த்துச் சுவீடனில் வாய்வழிக் குடிக்குந் தடுப்பு மருந்தொன்றை ஆக்கினர்.

தடுப்பூசி நோய்க்கு முந்திய காவல். நோய் வந்தபின் வேண்டும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கும் பற்றீரியாவின் புரதமோ அதனைச் செய்யும் இடமோ இலக்காகின்றது. கிருமிக் கலத்துள் புரதம் செய்யும் தொழிற்சாலை றைபோசோம் எனப்படும். கொழுந்து ஒருபுறம் சென்று தேயிலையாக மறுபுறம் வரும் எமது தொழிற்சாலைகளை ஒப்பது அது. சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், எமது கன்னியாவிலும் மிக்க வெப்பமான வெந்நீரூற்றுக்களில் வாழும் பற்றீரியா ஒன்றின் றைபோசோமைப் பளிங்காக்கி, அதன் சிறு பகுதியின் அமைப்பை 2000 ஆம் ஆண்டில் வரைந்து காட்டினார். அதற்காக 2009 இல் வேறிருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காசநோய்க்கு முதன்முதல் வாய்த்த மருந்தான ஸ்ரெப்ரோமைசின் எவ்விடத்திற் பொருந்தி அத்தொழிற்சாலையைக் குழப்புகின்றது என்பது அப்படத்திற் புலனாயிற்று. அவ்விடத்தருகே உள்ள புரதமொன்றில் ஒரேயொரு மணி மாறினாலும் மருந்துக்குக் கிருமி அடங்காதிருக்கக்கூடும். வைத்தியர் கொடுத்த காசநோய் மாத்திரைகளை இருமல் நின்றவுடன் நிறுத்துவோர் உடலில், இவ்வாறு மாறிய கிருமிகளே பெருகுதற்கு இடமுண்டு.

பழைய மருந்துகள் இவ்வாறு தோற்குமிடத்துப் புதியவற்றைத் தேடுகின்றனர். 2019 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர், மண்புழுவினும் மிகச் சிறிய ஒருவகைப் புழுவின் குடலில் வாழும் பற்றீரியாவிலிருந்து டாரோபக்ரின் என்னும் பொருளைப் பிரித்தனர். ஏழே மணிகள் கொண்ட குறுமாலை அது. வேறு பற்றீரியாக்களின் வெளிச்சுவரைக் கட்டும் புரதமொன்றை அது முடக்குகின்றது. வைத்தியசாலைக்கு வருமுன் அது கடக்கவேண்டிய பரிசோதனைகள் பல.

அந்தத் தந்தைக்கு அன்று திறவுகோல் உவமை வரையில்தான் சொல்ல முடிந்தது. அவர் சிறிது நேரம் நின்றுவிட்டு, தாம் சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்டதாக நினைவில்லை என்றும், தமக்கும் அதனைப் போடுவார்களா என்றும் கேட்டார். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம்; நினைவு மங்குமாதலால் மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டியதும் உண்டு என்று கூறி, தோட்ட வைத்திய நிலையத்திற்குச் செல்லுமாறு சொன்னேன். மகளின் சம்மதப் பத்திரத்தை என் மேசையிலேயே வைத்துக் கையொப்பமிட்டார்.