பழங்குடியினர் வாழ்க்கைத்தரம்: நீண்டகால மாறுதலை அளவிடும் முறை

ஒரு சமூகத்தின் வாழ்க்கைத்தரம் ஒரு தலைமுறைக் காலத்தில் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்னும் வினா எளிதாகத் தோன்றலாம். ஆயின், அதற்கு விடை கூற வேண்டுமானால் ஒரே மக்களை, ஒரே பொருளில், ஒரே அளவுகோலால் இருமுறை அளந்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று மாறினாலும், வாழ்க்கையின் மாறுதல் எது, கணக்கின் மாறுதல் எது எனப் பிரித்தறிவது அரிதாகும்.

மக்கள் யாவர்?

1971-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அட்டவணைப் பழங்குடியினர் சுமார் 3.8 கோடிப் பேர், 1981-இல் 5.16 கோடிப் பேர். இவ்வுயர்வு பிறப்பினால் மட்டும் நேர்ந்ததன்று. மாநிலத்தின் சில பகுதிகளில் வாழ்வோரை மட்டுமே பட்டியலில் சேர்த்திருந்த வரையறை, 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் பெரும்பாலும் நீங்கிற்று. மகாராஷ்டிரத்தில் மட்டும் எண்ணிக்கை 29.5 இலட்சத்தினின்றும் 57.7 இலட்சமாயிற்று. எனவே, இவ்விரு ஆண்டுகளின் சராசரிகளை ஒப்பிடுவோர், முன்னர்ச் சேராத குடும்பங்கள் பின்னர்ச் சேர்ந்தமையை மறத்தலாகாது.

அளவுகோல் யாது?

பழங்குடியினருள் எழுத்தறிவு பெற்றோர் 1961-இல் 8.5 சதவிகிதம், 2011-இல் 59 சதவிகிதம். ஆயினும் 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோரே இவ்விகிதத்திற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றனர். 1961-ஆம் ஆண்டு விகிதத்தில் அவ்வயதிற் குறைந்த சிறுவரும் சேர்ந்திருந்தனர். ஆதலின் உயர்வில் ஒரு சிறு பகுதி கணக்கிடும் முறையினால் வந்தது. எனினும் முன்னேற்றம் உண்மையே; 2011-இல் நாட்டு மக்கள் அனைவருக்குமான விகிதம் 73 ஆக இருந்ததும் உண்மையே.

காட்டிலிருந்து பெறும் உணவு

பணவருவாயை மட்டும் கேட்பது பெரும்பிழைக்கு இடமளிக்கும். நடு இந்தியாவின் மலைநாடுகளில் மகுவாப் பூ, கிழங்கு, கீரை, விறகு ஆகியவை காட்டிலிருந்து விலையின்றிக் கிடைக்கின்றன. தேசிய மாதிரி ஆய்வில், சொந்த விளைபொருளை விளைவிடத்து விலையிலும், இலவசமாகச் சேகரித்த பொருளை உள்ளூர்ச் சில்லறை விலையிலும் மதிப்பிடுதல் மரபு.

இவற்றைக் கேளாது விடின் நேர்வது என்ன? முதல் ஆய்வின்போது ஒரு குடும்பம் கிழங்கைக் காட்டில் அகழ்ந்து உண்கிறது; ஏட்டில் செலவு ஏதுமில்லை. பின்னர்க் காடு அழிகிறது. அக்குடும்பம் கூலிக்குச் சென்று கடையில் அரிசி வாங்குகிறது. இரண்டாம் ஆய்வில் செலவு உயர்ந்து காணப்படும். இழப்பே முன்னேற்றமாகப் பதிவாகிவிடும்!

பருவமும் கருதத்தக்கது. மகுவாப் பூ உதிரும் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறையும், தானியம் தீர்ந்த மழைக்காலத்தில் மறுமுறையும் வினவினால், வேறுபாடு ஆண்டுகளுடையதன்று, மாதங்களுடையதே. இதனாலேயே மாதிரி ஆய்வுகளை ஓராண்டு முழுவதும் பரப்பி நடத்துகின்றனர்.

குழந்தையின் உயரம்

விலைவாசியால் மாறாத அளவு ஒன்றுண்டு. அதுவே குழந்தையின் உயரம். தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பழங்குடிக் குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் 2005-06-இல் சுமார் 54 சதவிகிதம், 2015-16-இல் 44, 2019-21-இல் 41. இறக்கம் தெளிவு, அது பிற்காலத்தில் மெதுவானதும் தெளிவு.

இவ்வளவின் உயிர்நாடி சரியான வயதாகும். மூன்று வயதுக் குழந்தையை நான்கு வயதெனப் பதிந்தால், நல்ல வளர்ச்சியும் குறையாகத் தோன்றும். இரண்டு வயதெனப் பதிந்தால், உதவி பெறவேண்டிய குழந்தை கணக்கினின்றும் மறைந்துபோகும். பிறப்புச் சான்று இல்லாதவிடத்து, ஊர்த் திருவிழா, விதைப்பு, தேர்தல் முதலியவற்றை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி நாட்காட்டியைக் கொண்டு பிறந்த மாதத்தைக் கேட்டறிதல் நன்று. பள்ளியிற் சேர்க்கும் நாளில் ஆசிரியர் வயதை ஊகித்தெழுதும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும்.

பூட்டிய வீடு

மறு ஆய்வின்போது சில குடும்பங்கள் செங்கற்சூளைக்கோ வேற்றூர் அறுவடைக்கோ சென்றிருக்கும். வீடு பூட்டியிருப்பதைக் கண்டு அடுத்த வீட்டாரை வினவி ஏட்டை நிரப்பினால், பெரும்பாலும் வறியவர்களே கணக்கினின்றும் விலகுவர். ஊரின் சராசரி தானே உயர்ந்துவிடும். ‘வெளியூர் சென்றுள்ளனர்’ என்று எழுதி, சென்ற மாதத்தையும், திரும்பும் மாதத்தையும் குறித்து, மீண்டும் ஒருமுறை செல்வதே முறை. அவ்வாறு குறிக்கப்பட்ட குடும்பத்தையே பின்வரும் ஆய்வாளர் தேடிக் காண இயலும்.